சத்தம் போடும் பொத்தான்

கேம் பலகையைக் கட்டில் ஓரமாகக் கவிழ்த்து வைத்து, பொத்தான்களின் அடி மரையை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார் பெரியவர். கட்டிலில் கிடந்த தம்பி கூரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினான். மூக்கில் குழாய். அது வந்ததிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. விளையாட்டு குறையவில்லை.

காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகளை ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவன் அவன். படுத்த பிறகு, மடியில் வைத்து ஆட ஒரு பலகை வேண்டும், எதிரே இருக்கும் டிவியில் விண்கப்பல் விட்டுச் சுட வேண்டும் என்றான். பெரியவர் லாரிக்கு பாடி கட்டியவர். பலகை அறுக்கவும் ஓட்டை போடவும் அவருக்குத் தெரியும். மற்றதெல்லாம் தம்பியின் யோசனை. ஜாய்ஸ்டிக்குக் குச்சித் தலை வேண்டாம், உருண்டைத் தலை வாங்கு, விரல் மடங்காவிட்டாலும் உள்ளங்கையால் தள்ளிக்கொள்வேன் என்றான். பொத்தானுக்கு ஸ்பிரிங் இளசாக இருக்க வேண்டும் என்றான்.

கடைக்காரன் கழித்துப்போட்ட சரக்கைத் தலையில் கட்டிவிடுவான் என்று பெரியவருக்குச் சந்தேகம். ஒவ்வொரு பொத்தானையும் காதருகே வைத்து அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தார். டக்கென்று சத்தம் வந்தால்தான் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். சத்தம் போடாத சாமானையும் சத்தம் போடாத ஆளையும் அவர் எப்போதும் நம்பியதில்லை.

அந்த டக் டக்தான் வீட்டைப் படுத்தி எடுத்தது. தம்பி மனைவி சரியாகத் தூங்கி வெகுநாளாகிவிட்டது. பக்கத்து அறையில் போய்க் கண்ணை மூடினால் சுவரைத் தாண்டி வரும் அந்தச் சத்தம். நேற்று சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி விழுந்தாள். எதையும் வாய்விட்டுக் கேட்காதவள், "சத்தம் வராத பொத்தான் இருந்தா மாத்திக் குடுங்களேன், மாமா" என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் காலையிலேயே கடைக்குப் போய், அடியில் ரப்பர் வைத்த பொத்தான்களாக வாங்கி வந்திருந்தார்.

மாட்டி முடித்துப் பலகையை மடியில் வைத்தார். தம்பி அழுத்தினான். திரையில் கப்பல் சுட்டது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

"செத்தவன் கைய அமுக்குற மாதிரி இருக்குண்ணே."

"வாய்க்கொழுப்புக்கு மட்டும் ஒரு வியாதியும் வரல உனக்கு."

நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அதைத் தம்பியிடம் மறைக்கக் கூடாது என்று சண்டை போட்டுச் சொல்ல வைத்ததும் பெரியவர்தான்.

தம்பி மனைவி போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் ஆடிக்கொண்டுதான் இருந்தான். திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். பின்பக்கம் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவரும் எழுந்து வர, அறை வாசலில் இருவரும் முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சத்தம் கேட்டா எரிச்சலா வருது. கேக்கலன்னா பயமா இருக்கு, மாமா. பழசையே மாட்டிடுங்க."

வேறு சமயமாக இருந்தால் நன்றாகத் திட்டியிருப்பார். இப்போது ஸ்பேனரை எடுத்தார். புதுசு எந்த நேரம் காலை வாரும் என்று தெரியாததால் பழைய பொத்தான்களை வீசாமல் பையிலேயே வைத்திருந்தார்.

டக். டக் டக்.

பக்கத்து அறையில் குறட்டை கிளம்பியது. இத்தனை வருஷத்தில் அவள் குறட்டை விட்டு யாரும் கேட்டதில்லை. தம்பி கையை நிறுத்திக் கேட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மேட்டுல லாரி ஏறுது பாருண்ணே."

மதியம் தாண்டியும் அவள் எழவில்லை. பெரியவர் கட்டிலடியில் சிதறிய கம்பித் துணுக்குகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். பொத்தான் சத்தம் மெதுவானது. விட்டுவிட்டு வந்தது. பிறகு வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். உருண்டைத் தலையிலிருந்து கை வழுக்கிப் பலகை மேல் கிடந்தது. கண் திறந்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நெடுந்தூரம். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். தம்பி இரண்டு விரலை அவர் மணிக்கட்டின் மேல் வைத்தான். இழுத்துப் பிடிக்கும் பலம் இல்லை, வைத்தான், அவ்வளவுதான்.

"தூங்கட்டும்."

அவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் சில மூச்சு வந்தது. அப்புறம் நின்றது. மாதக்கணக்காகத் தூக்கித் தூக்கிப் போட்ட நெஞ்சு தளர்ந்து படுத்தது. நெற்றிச் சுருக்கம்கூட விட்டுப்போயிருந்தது.

"போதும்டா. போதும்" என்றார்.

அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சுமையை இறக்கி வைத்த மாதிரி தோள் இரண்டும் லேசாக இருந்தன. அதற்காக வெட்கமும் வரவில்லை. தம்பியின் கண்களை மூடிவிட்டார். கையை மெதுவாக நெஞ்சின் மேல் வைத்தார்.

பக்கத்து அறையில் குறட்டை அறுந்தது. கட்டில் கிறீச்சிட்டது. அவள் புரண்டு ஏதோ முனகினாள்.

பெரியவர் சுவரைப் பார்த்தார். பிறகு பலகை மேல் குனிந்து, ஒரு விரலைப் பொத்தானில் வைத்தார்.

டக்.

கொஞ்சம் பொறுத்து, டக் டக்.

குறட்டை மறுபடி மேடேறியது. திரையில் கப்பல் நின்ற இடத்திலேயே நின்று, ஒன்றுமில்லாத வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது.