புதுக் கோழிகளுக்கு முப்பது நாள்

முப்பது நாள், அதாவது எழுநூற்றிருபது மணி நேரம், தன்னுடைய மூன்று கோழிகளும் அந்த வீட்டுக் கோழிகளின் கண்ணில் படக் கூடாது என்று அவள் சொன்னபோது, அண்ணி கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னை இந்த வீட்டுக்குள்ள விட உங்க அண்ணன் அரை மணி நேரம்கூட யோசிக்கலை. கோழிக்கு முப்பது நாளா?"

"ஏதாவது நோய் இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும் அண்ணி."

"நமக்கும் யாராவது இப்படி வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான் அண்ணன். அண்ணி பார்த்த பார்வையில், ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான்.

அவன் பிரிட்ஜ் மெக்கானிக். முன்னறையில் பாதி, ஊரார் வீட்டு ஓடாத பிரிட்ஜ்கள். அவற்றுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். பத்து நாள் லீவில் வந்திருப்பதாக அவள் சொல்லியிருந்தாள். கோழி கூவுகிறது, கொக்கரிக்கிறது என்று ஹவுஸ் ஓனர் முகம் சுளிக்கிறார், அதனால் கோழிகளை இங்கே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தாள். அதில் கோழிகள் மட்டும்தான் உண்மை. வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேப்பை மூடிவிட்டார்கள். வாடகை அறையைக் காலி செய்து சாவியையும் கொடுத்தாகிவிட்டது. இங்கேயே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம் கோழித் தீவனத்தைப் பற்றி ஏதாவது வந்து விழுந்தது.

பத்து நாள் லீவில் வந்தவள் முப்பது நாளுக்குத் திட்டம் போட்டதில் இருந்த பிசகு அவளுக்கு உறைக்கவே இல்லை. கல்லூரியில் கணக்கில் எப்போதும் அவள்தான் முதல்.

குளியலறைக்குப் பின்னால், கதவைக் கழற்றிப் படுக்கப் போட்ட பழைய பிரிட்ஜ் ஒன்றில் புதுக் கோழிகள் குடியேறின. அவற்றுக்குத் தனித் தண்ணீர், தனித் தட்டு. அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தனிச் செருப்பு. அண்ணி அவளுக்கு டாக்டரம்மா என்று பட்டம் சூட்டினாள்.

"டாக்டரம்மா, உங்க பேஷண்ட் ஒருத்தி முட்டை போட்டிருக்கா. தொடலாமா, இல்ல அதுக்கும் முப்பது நாளா?"

பத்தாம் நாள், கோழிகளைப் பாதியில் விட முடியாது, லீவை நீட்டிவிட்டேன் என்றாள். "உன் முதலாளி தங்கமானவர்" என்று அண்ணன் உருகினான். அண்ணி குளியலறையில் இன்னொரு ஆணி அடிக்கச் சொல்லி, அதில் அவளுடைய துண்டை மாட்டினாள்.

முப்பது நாள் கழிந்ததும் தோட்டத்துக்கு நடுவே பிரிட்ஜ் தட்டுக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டித் தடுப்பு வைத்தார்கள். பார்க்கலாம், கொத்த முடியாது. இந்தப் பக்கம் பழைய கோழிகள் நான்கு. அவற்றின் தலைவிக்கு மேனேஜர் என்று பெயர். முட்டை போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, மற்றவை போடுவதை மேற்பார்வை பார்ப்பவள். கம்பிக்கு அருகில் கழுத்தைச் சாய்த்து நின்று புதியவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சனிக்கிழமை ஒண்ணா விடறோம், சேர்ந்துட்டா அன்னிக்கே கிளம்பிடலாம்" என்றான் அண்ணன். "பிரிட்ஜ் டெலிவரிக்கு வண்டி அந்தப் பக்கம்தான் போகுது. உன் ரூம் வாசல்லயே இறக்கி விட்டுடறேன்."

"உடனே சேராது அண்ணா. ரெண்டு மூணு வாரம் அடிச்சுக்கும்."

கோழிகள் நன்றாக அடித்துக்கொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்து அவள் வேண்டிக்கொண்டாள். ரத்தம் வராத அளவுக்கு, ஆனால் பல வாரங்களுக்கு.

சனிக்கிழமை காலை கம்பிகளை அவிழ்த்தார்கள். தீவனத்தை இரண்டு தட்டுகளில், தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அவள் ஒரே தட்டை நடுவில் வைத்தாள். லேப்பில் ஒரு சாம்பிளைக்கூடக் கெடுத்தவள் இல்லை. கை கூசியது.

மேனேஜர் வந்தாள். புதியவர்களில் பெரியதன் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொத்து. அது தலையைத் தாழ்த்தியது. அவ்வளவுதான். ஏழும் ஒரே தட்டில் குனிந்தன. அண்ணன் தேநீரை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் மேனேஜர் மண்ணில் புரண்டு குளிக்க, பக்கத்திலேயே புதியது ஒன்று படுத்து இறகை விரித்தது.

"அடேயப்பா, அக்கா தங்கச்சி மாதிரி இருக்குதுங்க! புஸ்தகத்துல போட்டிருக்குன்னு என்னமோ மிரட்டினியே? கிளம்பு, கிளம்பு." அண்ணன் வண்டியை எடுக்கப் போனான்.

"சில சமயம் மறுநாள்தான் சண்டை வரும்" என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள். கோழிகளையும் ஒருமுறை பார்த்தாள். நன்றி கெட்டவை.

அண்ணி தட்டைக் காலால் நகர்த்தினாள். "ஒரு தட்டு வெச்சா அடிச்சுக்கும், ரெண்டு வைக்கணும்னு ஒரு வாரமா பாடம் எடுத்தியே. இன்னொண்ணு எங்க?"

"மறந்துட்டேன் அண்ணி."

"நீயா? செருப்பு மாத்தாம ஒரு நாள் அந்தப் பக்கம் போனதுக்கு என்னை மருந்துத் தண்ணியில நிக்க வெச்சவ, நீயா மறந்த?"

அவள் குனிந்து, சிந்திய தீவனத்தைத் தட்டில் அள்ளிப் போட்டாள்.

"பத்து நாள் லீவுல வந்தவளை இத்தனை நாள் விடற முதலாளி யாருன்னு சொல்லு. உங்க அண்ணனையும் அங்கயே சேர்த்து விடறேன்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"அந்த மனுஷனுக்கு ஜாடைமாடையா சொன்னா ஏறாது" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "நீ லீவை நீட்டினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா நான் சொல்ல மாட்டேன். இருக்கப் போறவதான் வாயைத் திறந்து சொல்லணும்."

மறுபடி ஹாரன். பிறகு அண்ணனே அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். "என்ன, கோழிங்களுக்கு ஒவ்வொண்ணா டாட்டா சொல்றியா? நேரமாச்சு."

"அண்ணா" என்றாள். கோழிகள் திடுக்கிட்டு ஒதுங்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததே இல்லை.

"லேப்பை மூடிட்டாங்க. ரூமையும் காலி பண்ணிட்டேன். நான் இங்கதான் இருக்கப் போறேன்."