தண்ணீர் நின்றால் சுற்றாது

1

இந்தக் கதை என் வாய்க்குள் ஆரம்பித்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கடைவாய்ப் பல் சொத்தையாகி, பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். டாக்டர் டிரில்லைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நேராக என் வாய்க்கு வரவில்லை. விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, பெடலை மிதித்து, தண்ணீரைப் பீச்சவிட்டார். தலையைச் சாய்த்து அதை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"அது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன். பயந்தவன் கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்துவான்.

"ஒரு தடவை பாக்காம விட்டுட்டேன்," என்றார். "என் தம்பி வாய்ல."

அதற்கு மேல் விசாரிக்க என் வாய் என் வசம் இல்லை.

அந்த ஒரு வரிதான் என் கையில் இருக்கும் சரக்கு. மீதி அத்தனையும் நானாகக் கட்டியது. கதைக்குள் அவரை 'அவள்' என்று எழுதப் போகிறேன், டாக்டர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'அவர்' என்று எழுதினால் நான் எழுந்து நின்றுகொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கிளினிக்கின் ஜன்னலோரம் அவள்—

(வேண்டாம். தண்ணீர் விஷயம் என்பதால் மழையைக் கூப்பிட்டிருக்கிறேன். சோம்பேறித்தனம்.)

பல்லுக்குள்ளும் உயிர் உண்டு. அந்த உயிருக்கு—

(பாடப்புத்தகம். ஆனால் விஷயம் சரி.)

பம்புக்குப் பல் வலித்தது.

(இது இருக்கட்டும்.)

பம்பு என்பது டாக்டரின் தம்பி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது அலுவலகத்துக்கு மட்டும். சின்ன வயதில் மீன்தொட்டியில் தொடங்கி வீட்டில் எங்கே தண்ணீர் ஏறினாலும் அங்கே இருக்கும் பம்பைக் கழற்றிப் போட்டுவிடுவான். வளர்ந்து எலக்ட்ரானிக்ஸ் படித்து, கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் கற்றுக்கொண்டான். இப்போது அக்காவின் டிரில்லுக்கு ஒரு பெட்டி செய்திருந்தான்.

அந்தப் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். பல்லை அறுக்கும் மோட்டார் தலைதெறிக்கிற வேகத்தில் சுற்றும். சுற்றி உரசினால் சூடு. சூடு அதிகமானால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு வெந்துவிடும். அதற்காகத்தான் டிரில்லின் தலையில் ஊசிக்கண்ணை விடச் சின்னதாக மூன்று துளைகள். மூன்றிலிருந்தும் தண்ணீர் பீறிட்டு வந்து, சுற்றுகிற முனையில் ஒன்று கூடும். பழைய இயந்திரத்தில் மோட்டார் அது பாட்டுக்குச் சுற்றும், தண்ணீர் அது பாட்டுக்கு வரும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பம்புவின் பெட்டி இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது. பெடலை மிதித்தால் முதலில் தண்ணீர், பிறகே சுழற்சி. தண்ணீர் குறைந்தால் வேகமும் குறையும். குழாயில் எங்காவது தண்ணீரின் அழுத்தம் மாறினால் மோட்டார் நின்றே போகும்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. மனசாரச் சொல்கிறேன், வெட்டுகிற ஒன்றைப் பார்த்து 'தண்ணீர் வரட்டும், அப்புறம் நீ' என்று சொல்லத் தோன்றியவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும்.

[இடையில் ஒரு குறிப்பு: ஊசி போட்டு மரத்துப்போன பல்லுக்குச் சூடு தெரியாது. உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் ஆள் கூரையைப் பார்த்தபடி சுகமாகப் படுத்திருப்பார். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.]

3

முதல் பிரதியில் டாக்டரைத் திமிர் பிடித்தவளாக எழுதினேன். மிஷினை மதிக்காதவள், பட்டுத் திருந்துகிறவள். படித்துப் பார்த்தால் எனக்கே சகிக்கவில்லை. அடித்துவிட்டேன். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, கேளுங்கள்.

"நரம்புகிட்ட போகும்போது கடைசிக் கொஞ்சத்துக்குத் தண்ணிய நிறுத்துவேன்டா. வாய்க்குள்ள விட்டுப் பாக்கற கண்ணாடி பூரா தெறிச்சா எனக்கு என்ன தெரியும்?"

"நிறுத்திக்கோ. மோட்டாரும் நிக்கும். மிச்சத்தைக் கையால சுரண்டி எடு."

"எப்போ நிக்கணும்னு என் கைக்குத் தெரியாதா?"

"உன் கைக்குத் தெரியும். வெளிய பத்துப் பேர் உக்காந்திருக்கும்போதும் அதுக்குத் தெரியுமான்னுதான் கேக்கறேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு பட்டன் வேணும். உன் பெட்டி நின்னாலும் நான் ஓட்டணும்னு நினைச்சா ஓடணும்."

முனகிக்கொண்டே வைத்துக் கொடுத்தான். பெட்டியின் பக்கவாட்டில், சிவப்பாக. அக்கா கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு.

4

பிடுங்கிய பற்களில் சோதித்தாயிற்று. எல்லாம் சரியாக வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பம்புக்குப் பல் வலித்தது.

"உன் பழைய மிஷினைத் தூக்கி ஓரமா வை," என்றான். "முதல் ஆள் நான்தான். வேற யார் வாய்லயும் வெச்சுப் பாக்க எனக்கு மனசு வராது."

எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பை ஒட்டிக்கொண்டு நின்றது. நரம்பு பிழைத்தால் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். செத்தால் வேர் வரைக்கும் குடைந்து, மேலே தொப்பி மாதிரி ஒரு உறை மாட்டி, பல்லை வெறும் ஓடாக வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். அவள் அதை மறைக்காமல் சொல்லித்தான் ஊசியைப் போட்டாள்.

அவள் கை வேலை செய்ததை விவரிக்க ஒரு பத்தி—

(முடியவில்லை. அந்தக் கை பல்லை அழுத்துவதே இல்லை, தொட்டுத் தொட்டு எடுக்கிறது. இதற்கு மேல் எழுதினால் காதல் கடிதமாகிவிடும்.)

சொத்தை முக்கால்வாசி வந்துவிட்டது. நரம்பை நெருங்கிவிட்டாள். தம்பிக்காகத் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்து, தண்ணீரை நிறுத்தாமல்தான் அறுத்தாள். அப்போது மோட்டார் நின்றது.

"தண்ணிதான் கொட்டுதேடா! எதுக்கு நிக்குது?"

பம்பு "ஆ… ஆ…" என்றான். நரம்பும் அவனுடையது, பெட்டியும் அவனுடையது, அந்த அறையில் பேச முடியாதவனும் அவன் ஒருவன்தான். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த உதவிப் பெண் டாக்டர் முகத்தைப் பார்த்தாள். வாசலில் அடுத்த ஆள் செருமினார்.

வெளியே எடுத்து விளக்கில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சிவப்புப் பட்டனை அமுக்கினாள்.

ஓடியது. கொஞ்சம்தான். முகமூடியைத் தாண்டிக் கருகல் வாடை வந்தது. வெடுக்கென்று டிரில்லை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்று தாரைகளில் இரண்டுதான் வந்தன. மூன்றாவது துளையைப் பல் தூள் அடைத்திருந்தது. வாய் நிறையத் தண்ணீர் இருந்தும், நரம்பை ஒட்டி முனை உரசிய பக்கத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

5

இங்கே இரண்டு வழி பிரிகிறது.

வழி ஒன்று: கம்பியை விட்டுத் துளையைச் சுத்தம் செய்கிறாள், அறுத்து முடிக்கிறாள், அடைக்கிறாள். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் பல் செத்தால் 'சொத்தை ஆழம்டா, என்ன பண்றது' என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் மறுத்துப் பேச முடியாது. இதைத்தான் முதலில் எழுதினேன். சரசரவென்று வந்தது. ஆனால் விளக்குப் பக்கம் தலையைச் சாய்த்து நின்ற அந்த முகத்தை இதற்குள் நுழைக்க முடியவில்லை.

ஆகவே வழி இரண்டு. கையுறையைக் கழற்றினாள். நாற்காலியை நிமிர்த்தினாள்.

"உன் பெட்டி சரியாத்தான் நின்னுச்சு. ஒரு ஓட்டை அடைச்சிருந்தது. நான் பாக்காம பட்டனை அமுக்கிட்டேன். பல்லு சூடாயிருச்சு. நரம்பு போச்சுன்னா அது என்னாலதான்."

 பம்பு மரத்துப்போன உதட்டைக் கையால் தாங்கிக்கொண்டு, "பட்டனை வெச்சது யாரு?" என்றான்.

"நான் கேட்டேன், நீ வெச்ச. வாய மூடுடா."

"நீதான இவ்ளோ நேரமா தொறக்கச் சொன்ன."

சிரித்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மிச்சச் சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி, மருந்து வைத்து அடைத்தாள்.

[இன்னொரு குறிப்பு: பட்டனைப் பிடுங்கிவிடுகிறேன் என்று அவன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். "பிடுங்காத. அமுக்கினா முதல்ல தண்ணிய மட்டும் பீச்சட்டும், மோட்டார் அப்புறம் சுத்தட்டும். பாக்காம யாரும் போக முடியாதபடி பண்ணு," என்றாள் அவள். அப்படியே செய்தான். ஒரு தவறை ஒளிக்காமல் எடுத்து மேஜைமேல் வைத்து, அதையே ஒரு நல்ல கருவியாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் என் தவறுகளை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.]

6

சூடுபட்ட நரம்பு உடனே சாகாது. சத்தமில்லாமல், நாள்பட்டுச் சாகும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் குளிர்ச்சியை வைத்துக் கேட்பார்கள். சுருக்கென்று வலித்தால் இருக்கிறது. வலிக்காவிட்டால் இல்லை.

சில வாரம் கழித்து அதே நாற்காலி. ஊசி கிடையாது. டாக்டர் பஞ்சு உருண்டையில் குளிர் மருந்தைத் தெளித்தாள். பனி பூத்தது.

"சுருக்குன்னு இருந்தா கையைத் தூக்கு. எனக்காகத் தூக்காத."

"சரிக்கா."

ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தாள். உடனே தூக்கினான். அடுத்தது அந்தப் பல்.

கை உயர்ந்தது என்று ஒரு வரி எழுதினேன். உயரவில்லை என்று இன்னொன்று எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். எழுத எழுத எனக்கு இந்த அக்காவை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவள் விஷயத்தில் நான் சொல்கிற தீர்ப்பு செல்லாது. என்னைவிட நிதானமான ஆள் ஒருவர் வேண்டும், நீங்கள் இருக்கிறீர்கள்.

பஞ்சு பல்லைத் தொட்டுவிட்டது. தம்பிக்கு வலிக்க வேண்டும், நன்றாக வலிக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அவள். அவன் கை நாற்காலியின் கைப்பிடியில் இருக்கிறது. அதைத் தூக்குவதும் அப்படியே விடுவதும் இனி உங்கள் பொறுப்பு.