ஒரு முனையில் மட்டும் எரிந்த விளக்கு

1

இந்தக் கதை என்னிடம் ஒரு முறைப்பாடாகத்தான் வந்தது. வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும், கணினி இணைப்புகளைத் திருத்தும் சிறிய நிறுவனத்தில் தொலைபேசி எடுக்க யாருக்கும் விருப்பமில்லை. கதைக்கக் கூச்சப்படுகிறவள் மறுக்கவும் மாட்டாள் என்று அதை என் மேசையில் வைத்துவிட்டார்கள். "ஹோல்ல லைட் எரியுது, சேர்ச்சில எரியேல்ல" என்றது ஒரு குரல். ஆள் அனுப்பினோம். மிச்சமெல்லாம் என் கற்பனை.

முதலில் எழுதிய வரி: ஒளி ஓர் இழைக்குள் முழு அகத்தெறிப்பு அடைந்து—

அடித்துவிட்டேன். பௌதிகம் படித்தவளின் வியாதி.

2

அனுப்பிய ஆளுக்கு ரொஷேல் என்று பெயர் வைத்து, துணிச்சல்காரியாக எழுதிப் பார்த்தேன்; நம்ப முடியவில்லை. இப்போது அவள் அதிகம் பேசமாட்டாள். எடுத்த வேலை முடியாமல் எழும்பவும் மாட்டாள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயம். பின்னேரம் டோரினின் கணவருக்கு அடக்கப் பூசை. மகன் கிளைவ் கனடாவில். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. கமராவில்தான் தகப்பனைப் பார்க்கவேண்டும். போன திருநாளுக்குப் பொருத்திய கமரா தேவாலயத்தில், இணையம் வளவின் அடுத்த பக்கத்து மண்டபத்தில். நடுவில் ஒரு ஃபைபர், ஒளியில் தகவல் கடத்தும் இரண்டு கண்ணாடி இழைகள் கொண்ட வடம். அதுதான் செத்துக் கிடந்தது.

[கைபேசியால் காட்டலாமே என்கிறீர்கள். அந்தச் சுவர்களுக்குள் சிக்னல் பேச மட்டுந்தான் போதும், படம் போகாது. ஆஸ்பத்திரியில் கைபேசியால்தான் காட்டினார்கள். கிளைவ் கடைசியாகக் கண்டது, படம் உறைந்துபோய் அசையாத அப்பாவின் பாதி முகம்.]

3

"லைட் எரியுது மகள், இங்க ஒரு பிழையும் இல்லை." மண்டபத்திலிருந்து போனில் பற்றிக் அங்கிள். தேவாலயத்தைத் திறந்து பூட்டுகிறவர் அவர்தான்.

"இங்க எரியேல்ல அங்கிள்."

"அப்ப பிழை உங்கட பக்கம். எங்கட பெட்டி சோலி இல்லாத பெட்டி."

உண்மை. இணைய வடங்களை இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். மண்டபத்தில் இருப்பது அன்மனேஜ்ட் சுவிட்ச்: செருகினால் வேலை செய்யும், அதில் எதையும் மாற்ற முடியாது. தேவாலயத்தில் இருப்பது மனேஜ்ட் சுவிட்ச்: கேட்டால் பதில் சொல்லும், சொன்னால் மாறும். (இங்கே மனிதர்களை இந்த இரண்டு வகையாகப் பிரித்து ஒரு பந்தி எழுதியிருந்தேன். ரொஷேலுக்கு நேரமில்லை. எடுத்துவிட்டேன்.)

இழைகளின் முனைகளைத் துடைத்தாள். இரண்டையும் இடம் மாற்றிச் செருகினாள். பழையபடி செருகினாள். ஃபைபர் செருகும் சிறு மொடியூலையே மாற்றினாள். சுவிட்சின் இணைப்பு விளக்கு எரியவில்லை.

பீடத்தின் முன்னால் சவப்பெட்டியை வைத்துவிட்டார்கள். டோரின் எழும்பி வந்தார்.

"சரிவருமா மகள்?"

வரும் என்று எழுதினேன்; அழித்தேன். ரொஷேல் பொய் சொல்லமாட்டாள்.

"பாக்கிறன் அன்ரி."

"பார். அவன் முழிச்சுக்கொண்டுதான் இருப்பான்."

4

மடிக்கணினியைப் பொருத்தி, சுவிட்சிடம் கேட்டாள். அது இன்று காலையில்தான் விழித்ததாகச் சொன்னது.

"அங்கிள், சேர்ச்சில கரண்ட் போனதா?"

"எங்க போற? நான்தான் மெயினை நிப்பாட்டினனான். பூசை முடிய மெழுகுதிரியை அணைப்பன், பிறகு மெயின். எப்பவும் அப்படித்தான்."

"திருநாளுக்கும் நிப்பாட்டினீங்களா?"

"நல்ல கதை. சோடிச்ச லைட்டெல்லாம் விடிய விடிய எரியவேணுமே! அந்தக் கிழமை முழுக்கத் தொடேல்ல. அப்ப வீடியோ வடிவா வேலை செஞ்சது."

விளங்கிவிட்டது. ஃபைபரில் இரண்டு சுவிட்சுகளும் வேகத்தைப் பேசி முடிவெடுப்பது வழக்கம். மண்டபத்துப் பெட்டி பேசாது. வெளிச்சம் வந்தாலே விளக்கை எரிக்கும். தேவாலயத்துப் பெட்டி பதிலுக்குக் காத்துக்கொண்டு இருட்டில் கிடக்கும். திருநாளுக்கு இதைப் பொருத்தியவர் காத்திராதே என்று அதற்குச் சொல்லியிருக்கிறார், சேமிக்கவில்லை. பற்றிக் மெயினை நிறுத்தியதும் பெட்டி அதை மறந்துவிட்டது.

காத்திராதே என்று ரொஷேல் அதற்கு மறுபடி சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. சேமித்தாள். பிறகு போனில், "அங்கிள், இங்க வந்து மெயினை ஒருக்கா நிப்பாட்டி, திரும்பப் போடுங்கோ."

"விசரா பிள்ளை? சுவாமியார் பூசைக்கு உடுத்திட்டார்!"

"போடுங்கோ அங்கிள்."

விசிறிகள் நின்றன, திரும்பச் சுற்றின. சுவிட்ச் மெதுவாக விழித்தது. பச்சை.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கிளைவின் அழுகை ஒலிபெருக்கியில் கேட்டது. வெட்கமாக இருந்தது, கிழித்தேன். இன்னொன்றில் அவன் காத்திருந்து தூங்கிப்போ—

வேண்டாம்.

இதுவரை நிச்சயமானது இவ்வளவுதான். ஒளிபரப்பைப் பார்ப்பவர் தொகை ஒன்று என்று திரை காட்டுகிறது. சோதிப்பதற்காக, தேவாலயத்து வைஃபையில், ரொஷேலின் கைபேசியிலும் அது திறந்திருக்கிறது.

"பாக்கிறானா?" என்கிறார் டோரின்.

ரொஷேல் கைபேசியை அணைக்கிறாள். அந்தத் தொகை பூச்சியமாகுமா, ஒன்றாகவே நிற்குமா என்று தெரியச் சற்று நேரமெடுக்கும். டோரின் காத்திருக்கவில்லை. சவப்பெட்டியருகே போய், கமராவை மறைத்த மலர்வளையத்தை இரண்டு கைகளாலும் தூக்கி நிலத்தில் வைக்கிறார்.

"முகம் தெரியவேணும்."

தொகையைக் காட்டும் திரை உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் டோரினைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.