பாக்கிப் பேச்சு

மணக்காட்டில் வாடகைக்கு இருந்த கோமதிநாயகத்துக்கு, 1991-ல் மனைவி சொன்னவை 1999 ஜூலையில்தான் காதில் விழத் தொடங்கின. முதலில் கேட்டது, "பால் பொங்கிட்டு, கேட்டியளா?" என்பது. அவர் எழுந்து அடுப்படிக்கு ஓடினார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பாலும் இல்லை, உலகம்மாளும் இல்லை. அந்த வாரம் தக்காளி விலை இரண்டு மடங்காகியிருந்தது, மழையும் விட்டபாடில்லை.

உலகம்மாள் முந்தின நாள் போய்விட்டிருந்தாள். சொல்லாமல் போகவில்லை. காலையில் அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது எதிரே நின்று சற்று நீளமாகவே ஏதோ சொன்னாள். முடிவில் வழக்கம்போல "கேட்டியளா?" என்றாள். அவரும் வழக்கம்போல "கேட்டேன்" என்றார். மாலையில் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், திரும்புவாளா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு சுசீலாபாயிடம் விசாரித்தார்.

"நல்ல கத! உங்ககிட்ட பறஞ்சிட்டுத்தானே போனா? அவ சொன்னது எனக்குத் தெளியல. நீங்க கேட்டேன்னு சொன்னது மட்டும் இந்தச் சுவரு தாண்டி வந்துது, அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்குக் காதில் கோளாறு ஒன்றும் கிடையாது. சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை விற்பனையாளர் அவர். மாம்பழ நிறம் வேண்டாம், பழுக்கத் தொடங்கின மாங்காயின் நிறம் வேண்டும் என்று ஒரு பெண் இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, சரியான சேலையை ஒரே தடவையில் உருவி எடுப்பார். அவரிடமே எடுக்க வேண்டும் என்று நெய்யாற்றின்கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாள் முழுக்க அப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருபவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதையும் கழற்றிவிடுவார்.

மறு வாரம் தம்பானூரில் பஸ் ஏறித் தென்காசிக்குப் போனார். மச்சினன் வாசலிலேயே, "அக்கா சொகமா அத்தான்?" என்று கேட்டான். அவள் அங்கே இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. "சொகம்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார். செங்கோட்டை தாண்டும்போது ஜன்னலோரம் உலகம்மாளின் குரல், ஒரு பழைய பல்வலியைப் பற்றிச் சொன்னது.

மெல்ல அவருக்கு விஷயம் பிடிபட்டது. கேட்காமல் "கேட்டேன்" என்று சொன்ன பேச்செல்லாம் அப்படியே பாக்கி நின்று, இப்போது வரிசையாக வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் நிற்பது அந்தக் காலைப் பேச்சு. அது வந்தால் அவள் இருக்குமிடம் தெரிந்துவிடும். அவர் அவசரப்பட்டார். "சரி, சரி, மேல சொல்லு" என்று முற்றத்தில் இங்குமங்கும் நடந்தார். அப்படி விரட்டினால் அதே வாக்கியம் மறுபடி வந்தது. கொடிக்கயிறு இற்றுப்போனது பற்றிய பேச்சு ஒரு வாரம் நகரவே இல்லை. புதுக் கயிறு வாங்கிக் கட்டிய பிறகு நகர்ந்தது. மாசியில் வரும் ஆற்றுகால் பொங்கலுக்கு அடுப்புக்கூட்டக் கேட்ட செங்கற்களை ஆவணி மாதத்தில் கொண்டுவந்து வைத்தார். "இன்னைக்கு இட்லி எப்படி?" என்ற கேள்விக்கு, நல்லாயிருந்துது என்று ஆறு வருஷம் கழித்து வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னார். துணைக்கு ஆளில்லாத வீட்டில் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே வந்தது.

ஓணம் வந்து போனது. புத்தாயிரம் பிறந்தது. தூக்கம் பாதியாகக் குறைந்தது. 1996-க்கு வந்தபோது குரல் சற்றுத் தணிந்து, "நா பேசுதது உங்களுக்கு எரிச்சலா இருக்கா?" என்றது. "இல்லவே இல்ல" என்றார். மறுபடியும் அதே கேள்வி. ஒரு மாதம் அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டை தொளதொளத்துப் போயிற்று. ஒரு நாள் கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கும்போது கேள்வி வந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, செல நேரம் இருக்கு" என்றார். எதிரில் நின்ற பெண் திகைத்தாள். பேச்சு நகர்ந்தது. அதன்பின் அவர் விரட்டவில்லை. ஒரு வாக்கியம் முடிந்தபின் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சற்று நேரம் பார்ப்பார். பெரும்பாலும் இருந்தது.

2001 பிப்ரவரியில் அந்தக் காலைப் பேச்சு வந்தது.

"கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஒரு ஹாஸ்டல் இருக்கு. சமையலுக்கு ஆள் கேக்காங்க, அங்கயே தங்கணுமாம். நா போய்ப் பாக்கேன். இங்க செவுத்துகிட்டப் பேசுத மாதிரி இருக்கு. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. நீங்க வாங்க. வரலன்னா கோவம்னு எடுத்துக்கிடுதேன். ஹைவேயில பச்சக் கலர் கேட்டு. கேட்டியளா?"

இன்னும் ஏதாவது உண்டா என்று பார்த்தார். மிச்சம் எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார். முக்கால் மணி நேரப் பயணம். பச்சை கேட்டுக்கு உள்ளே உலகம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். ஹாஸ்டல் பெண்கள் ஜன்னல்களில் கூடும் அளவுக்குப் பேசினாள். கையை ஆட்டினாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் பேசினாள். கோமதிநாயகத்துக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. முடிவில் அவள் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டது என்னவென்று உதட்டிலேயே புரிந்தது.

கேட்டேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல, இன்னும் கேக்கல" என்றார். "வரும். வந்ததும் சொல்லுதேன்."

அவள் வாளியில் மிச்சமிருந்த துணியைக் கொடியில் போட்டாள். உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.

அன்று சொன்னது புதன்கிழமை வந்தது. கோபத்தில் பாதி நியாயம், மீதியும் நியாயம்தான். அடுத்த ஞாயிறு போய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உலகம்மாள் வேலையை விடவில்லை. அவர்தான் மணக்காட்டு வீட்டைக் காலிசெய்து கழக்கூட்டத்தில் வீடு பார்த்தார். முதலில் எட்டு வருஷமாக இருந்த இடைவெளி மூன்று நாளாயிற்று, பிறகு ஒரு நாள், பிறகு சில மணி நேரம். அதற்குமேல் குறையவில்லை, அவர்களும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காலையில் அவள் சொல்வது பதினொரு மணிவாக்கில் கடையில் அவருக்குக் கேட்கும். அப்போது விரித்த சேலை விரித்தபடி கிடக்கும். புதிதாக வருபவர்கள் முகம் சுளித்தால் முதலாளி சத்தியதாஸ் நாற்காலியை நகர்த்திப் போடுவார்.

"கொஞ்சம் இரிக்கணும் கேட்டோ. அவருக்கு வீட்டுப் பேச்சு வந்துட்டிருக்கு."

உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தார்கள்.