கணு இல்லாத இலை

அம்மாவின் கொடியிலிருந்து ஒரு துண்டு வேண்டும் என்று சின்னவள் கேட்டபோது பெரியவள் மறுக்கவில்லை. கத்தரியை எடுத்துப்போய் ஒரேயோர் இலையைக் காம்போடு நறுக்கி, ஈரத்துணியில் சுற்றித் தங்கையிடம் கொடுத்தாள். "மண்ணுல சொருகி வை, வேர் விடும்" என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. வேர் விடத்தான் செய்தது.

ஹோயா கொடி அது. தடித்த இதய வடிவ இலைகளும் மெழுகில் செய்தது போன்ற பூக்களுமாக, அம்மா படுத்திருந்த அறையின் ஜன்னல் முழுக்கப் படர்ந்திருந்தது. அம்மா போனபின் நகை, புடவை, பாத்திரம் எதற்கும் சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அம்மா கையால் நட்டது தன் வீட்டிலும் கொஞ்சம் ஓடட்டும் என்று இதை மட்டும்தான் கேட்டாள்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியில் வருகிறவர்களைப் பார்த்து நாளெல்லாம் சிரிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் பால்கனியே கதி. செடி விஷயத்தில் அவளுக்கு அரைகுறை ஞானம் உண்டு, வினையே அதுதான். கைப்பிடிச்சுவர் நெடுக வைத்திருந்த சக்யூலண்ட் என்கிற தடித்த இலைச் செடிகள் எல்லாம் அவளே இலையிலிருந்து எடுத்தவை. ஓர் இலையைப் பிய்த்து, காயம் உலரும்வரை நிழலில் போட்டு, மணல் கலந்த மண்மேல் சும்மா கிடத்துவாள். அடியிலிருந்து பொத்தான் அளவுக் குட்டிச் செடி எட்டிப் பார்க்கும். அதைக் கண்ணாரக் கண்டவள், ஹோயாவும் தடித்த இலைதானே, அதே ஜாதிதானே என்று நினைத்துவிட்டாள்.

இரண்டு வருடம் அந்த ஒற்றை இலையோடு மாரடித்தாள். வெயில் அதிகமோ என்று உள்ளே வைப்பாள், வெளிச்சம் போதவில்லையோ என்று மறுபடி ஜன்னலுக்குக் கொண்டுபோவாள். வீட்டுக்காரருக்கோ அது தீராத கேலி. "என்ன, உன் ஒத்தை இலை இன்னைக்காவது ரெட்டை ஆச்சா?" என்பார். அவள் முறைப்பாள். இலை மட்டும் பச்சைப் பசேலென்று, நட்ட நாளில் இருந்தபடியே நின்றது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், செடி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போட்டாள். முகம் தெரியாத ஒருத்தி உடனே பதில் எழுதினாள். "கணு இல்லாம நட்டிருக்கீங்க. வேர் இருக்கும், பச்சையா இருக்கும். கொடி மட்டும் வரவே வராது."

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. கொடிகளை நறுக்கி வளர்த்து விற்பதுதான் பெரியவளின் பிழைப்பே. அவளுக்குக் கணு தெரியாது என்றால் பச்சைக்குழந்தைகூட நம்பாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே சின்னவள் அக்கா இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஒரு மேசையும் மண் தொட்டிகளும் இருந்தன. பெரியவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஹோயாத் துண்டு ஒன்றைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தக் கணு மண்ணுக்குள்ள போகணும். அங்கேயிருந்துதான் குருத்து வரும். வெறும் இலையை வெச்சா சும்மா நிக்கும், அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டுக்காரி படியிறங்கும்வரை சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "அப்போ தெரிஞ்சேதான் குடுத்திருக்க."

"வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி."

"ஒண்ணும் வேணாம். போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் கணுவோட குடுக்கற, கூடப்பிறந்தவளுக்கு வெறும் இலையா? இதுலகூடவா வஞ்சனை?"

"ஆமா, தெரிஞ்சேதான் குடுத்தேன்."

இல்லவே இல்லை என்று சாதிப்பாள், அப்போது பிடிபிடியென்று பிடிக்கலாம் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்த பேச்சு சின்னவளுக்கு மறந்துபோயிற்று.

"அந்த இலையை நல்லா பார்த்துக்கிட்டியா?" என்று பெரியவள் கேட்டாள்.

"பெத்த பிள்ளை மாதிரி பார்த்தேன்."

"தூசி படிஞ்சா?"

"ஈரத்துணியால துடைப்பேன். தினமும்."

"அம்மா இதே இடத்துல ஒண்ணரை வருஷம் கிடந்தாங்க. எழுந்திருக்கல, பேசல. நீ எத்தனை தடவை துடைச்சு விட்ட?"

"தினமும் போன் பண்ணினேனே அக்கா..."

"பண்ணின. 'கொஞ்சம் தேறட்டும், வர்றேன்'னு தினமும் சொன்ன. தேற மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். இலை வளரும்னு நினைச்ச, அதனால பார்த்துக்கிட்ட."

லீவு கிடைக்கவில்லை, மகனுக்குப் பரீட்சை என்று அப்போது சொன்னதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தன் காதுக்கே கேவலமாக இருக்கும் என்று விழுங்கிக்கொண்டாள்.

பெரியவள் ஜன்னலுக்குப் போய் நல்ல நீளமான தண்டாகப் பார்த்து வெட்டினாள். வெட்டிய இடத்தில் பால் சொட்டியது. அதைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி நீட்டினாள்.

"இந்தா. நிறைய கணு இருக்கு, கண்டிப்பா கொடி ஓடும். இனிமே உனக்கு இந்த வீட்டுல வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வராதே."

வேண்டாம் என்று அங்கேயே வீசிவிட்டு வந்திருந்தால் ரோஷமாவது மிஞ்சியிருக்கும். சின்னவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.