முன்வரிசையில் உட்கார்ந்தவள்

மவுஸைப் பிடிக்கச் சொன்னால் அட்ராக்டா டான்ஸி அதன் கழுத்தை நெரிப்பாள் போலிருந்தது.

"மெதுவா, மிஸஸ் டான்ஸி, மெதுவா. அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்றான் மாலக்கி. கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவன். ஆள் பனைமர உயரம், குரல் மட்டும் பூனைக்குட்டி.

செவ்வாய்க்கிழமை காலையில் பங்குக் கோயில் மண்டபத்தில் வகுப்பு. ஊரில் இருந்த ஒரே வங்கியை இழுத்து மூடியவர்கள், போகிற போக்கில் தங்கள் பழைய கம்ப்யூட்டர்களைக் கோயிலுக்குத் தானம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ணைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடி வாங்கிக் கொடுத்த கதை. இனி பணம் எடுப்பதிலிருந்து பேருந்துச் சீட்டு வரை எல்லாவற்றையும் இதில்தான் தட்டவேண்டும் என்று ஆனபிறகு, மழையோடு மழையாக ஊர்க்கிழங்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

பக்கத்து நாற்காலியில் டீஸி. பள்ளிக்கூட நாளிலிருந்து அட்ராக்டாவுக்குத் தோழி, பாதி நேரம் தொல்லை. அம்புக்குறியை மேலே நகர்த்துங்கள் என்று மாலக்கி சொன்னதும் மவுஸையே தூக்கித் திரையில் ஒட்டவைத்துத் தேய்த்தாள் புண்ணியவதி.

"எதுக்காகக் கத்துக்க வந்தீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று முதல் நாளே மாலக்கி கேட்டிருந்தான். ஆஸ்திரேலியாவில் இருக்கிற பேரனைப் பார்க்க என்றாள் டீஸி. டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்க என்றாள் அட்ராக்டா.

"நீ காரைப் பாலத்துச் சுவர்ல முட்டினதுலேருந்து ஓட்டவே இல்லையேடி!" என்று எல்லார் முன்னாலும் டீஸி போட்டு உடைத்தாள்.

பொய்தான். அட்ராக்டா வந்தது தன் அக்காவின் அடக்கப் பூசையைப் பார்க்க.

கோயிலின் பின்புறம், வாசலுக்கு மேலே இருக்கிற மாடத்தில் ஒரு கேமரா உண்டு. இரவும் பகலும் அது பீடத்தைப் பார்த்தபடியே இருக்கும். படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டிலிருந்தே பூசை காண்பார்கள். பாஸ்டனுக்கும் பெர்த்துக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் அங்கிருந்தே அழுவார்கள். யாருடைய அடக்கப் பூசையாக இருந்தாலும் அதன் பதிவை ஒரு மாதம் வரை விட்டுவைத்து, பிறகு ஃபாதர் அழித்துவிடுவார். அக்கா பிலோமினாவுக்கு அந்த மாதம் முடிகிற வாரம் இது.

சொந்த அக்காவின் பூசைக்கு இவள் போகவில்லை. அயர்லாந்தில் அதைவிடப் பெரிய பாவத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். கொலை செய்தவனைக்கூட ஊர் ஒருநாள் மன்னித்துவிடும், சாவுக்கு வராதவனை மன்னிக்காது. இத்தனைக்கும் சண்டை என்னவோ சொத்துக்கோ சுகத்துக்கோ இல்லை. அக்கா மகள் நெஸ்ஸாவின் கல்யாண விருந்தில் இவளுக்குக் கதவோரமாக, கச்சேரிக்காரர்களின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இடம் போட்டிருந்தார்கள். "சொந்தத் தங்கச்சிய வாசல்ல உக்கார வச்சிட்டியே" என்று இவள் கேட்க, "இடத்தையா திங்கப் போற, ஆட்டுக்கறியத் தின்னு" என்று அக்கா சொல்ல, அதோடு போச்சு. அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டே ஒரு வார்த்தை பேசாமல் வருஷங்கள் ஓடின. பிறகு ஒருநாள் அக்காவின் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பேச்சு அதற்குமேல் எங்கே?

பூசை நாளன்று அட்ராக்டா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஸ்கார்ஃபைக் கட்டினாள். வாசல்வரை போனாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் கால் நகரவில்லை. என்ன மூஞ்சியோடு போவது? சமையலறை நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்து மணி ஓயும்வரை அழுதாள். இனி ஊர் தன்மேல் காறித் துப்பும் என்று காத்திருந்தாள்.

ஊர் துப்பவில்லை. அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் கறிக்கடை டோலன் தொப்பியைக் கழற்றி, "அன்னைக்குப் பாத்தேம்மா. கல்லு மாதிரி நின்னீங்க" என்றார். டீஸி கையைப் பிடித்துக்கொண்டு, "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. முன்வரிசையில உன்னைப் பாத்ததும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சுடி" என்றாள். முதலில் குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு ஃபாதரும் சொன்னார், தபால்காரியும் சொன்னாள். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை.

யாரோ இவளுடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நெஸ்ஸாவின் பக்கத்தில், குடும்பத்து வரிசையில், ஊரே வந்து கை குலுக்கிவிட்டுப் போயிருக்கிறது. அட்ராக்டாவுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருந்தது. தான் போயிருந்து மறந்துவிட்டோமா, புத்தி பேதலித்துவிட்டதா? பைத்தியமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை. யாரிடம் போய், நான் வந்தேனா என்று எனக்குக் காட்டுங்கள் என்று கேட்பது? அவளேதான் பார்க்கவேண்டும், அழிப்பதற்குள்.

அதனால் கற்றாள். மற்றவர்கள் பிஸ்கட்டும் அரட்டையுமாக இருந்தபோது, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். ஒரு தட்டு, இரட்டைத் தட்டு, சீட்டாட்டத்தில் சீட்டை இழுத்துப் போடுவது, திறந்ததை மூடுவது எல்லாம். இன்றைக்கு மாலக்கி, "இன்னைக்கு அவங்கவங்களுக்குப் பிடிச்சதைத் தேடிப் பாருங்க" என்றதும் அவள் கோயில் பெயரை எழுத்தெழுத்தாகக் குத்தினாள்.

திரையில் கோயில் வந்தது. அக்காவின் சவப்பெட்டி இல்லை, ஆட்கள் இல்லை. காலி பெஞ்சுகள், பீடத்தில் சிவப்பு விளக்கு. எதுவும் அசையவில்லை. பூசை ஆரம்பிக்கட்டும் என்று அவள் கைகட்டிக் காத்திருந்தாள். காத்திருந்தாள், காத்திருந்தாள். கடைசியில் ஒரு பெண்மணி வாளியும் துடைப்பமுமாக வந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இது இப்போ நடக்கிறது, மிஸஸ் டான்ஸி" என்று பின்னாலிருந்து மாலக்கி சொன்னான். "பழசெல்லாம் கீழே இருக்கு. உருட்டுங்க. அதோ, உங்க அக்கா பேரு. நான் வேணா..."

"நானே பண்றேன்."

அவன் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தத்தைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தான். அட்ராக்டா தட்டினாள்.

கோயில் நிரம்பி வழிந்தது. நடுவில் பெட்டி. முன்வரிசையில் நெஸ்ஸா, அவள் புருஷன், நெஸ்ஸாவின் வலப்பக்கத்தில் கறுப்புக் கோட்டும் ஸ்கார்ஃபுமாக ஒருத்தி. முதுகுதான் தெரிந்தது. அது அட்ராக்டாவின் முதுகுதான். ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. மக்கள் வரிசையாக வந்து கை நீட்டினார்கள், அவளும் நீட்டினாள். டோலன் வந்தார், டீஸி வந்தாள். அந்தப் பெண் பெருவிரலை நாக்கில் தொட்டு, நெஸ்ஸாவின் கன்னத்தில் எதையோ துடைத்துவிட்டாள். பிறகு காதோரம் குனிந்து என்னவோ சொன்னாள்.

பிள்ளை பெறாதவள் அட்ராக்டா. இன்னொருத்தி பிள்ளையின் முகத்தில் எச்சில் தொட்டுத் துடைக்கிற உரிமை அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பூசை முடிந்து பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். குடும்பம் பின்னால் நடந்தது, கேமராவை நோக்கி. முகங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நெஸ்ஸாவின் கையைப் பிடித்தபடி, தன் பெட்டிக்குப் பின்னால் தானே நடந்து வந்தாள் பிலோமினா.

அதே மூக்கு, அதே தாடை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஊருக்கு என்ன தெரியும்? பெட்டிக்குள் இருக்கிறவளை யார் போய் வெளியே தேடப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கண்ணை அட்ராக்டாவுக்குத் தெரியாதா! மாடத்துக்கு அடியில் வந்ததும் அவள் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். சின்ன வயசில் இவள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஆற்றங்கரையில் திரிந்த நாட்களில், "தங்கச்சி வந்திருக்கா சிஸ்டர், கக்கூசுக்குப் போயிருக்கா" என்று கன்னியாஸ்திரியிடம் புளுகிவிட்டு, சாயங்காலம் வீட்டில் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை. இன்னைக்கும் உன்னைக் காப்பாத்திட்டேன், கழுதை.

"சேசு மரி சூசை" என்று முனகி அட்ராக்டா படத்தை நிறுத்தினாள். நிறுத்துவது எப்படி என்று போன வாரம்தான் படித்தது.

"அட, உங்க படமா!" என்றான் மாலக்கி. டீஸி எட்டிப் பார்த்து, "கேமராவை எப்படிப் பாக்குறா பாரேன், பெரிய நடிகைதான் போ" என்று தோளில் இடித்தாள்.

மண்டபம் சூடாகத்தான் இருந்தது. அட்ராக்டாவுக்குப் பல் கிட்டியது. கோட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

கால் நெஸ்ஸாவின் வீட்டில் போய் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை.

"சித்தி! நனைஞ்சு போய் வந்திருக்கீங்களே, உள்ள வாங்க" என்று நெஸ்ஸா இழுத்துப்போய் அடுப்பு முன்னால் உட்காரவைத்தாள். டீ வந்தது, வெண்ணெய் தடவிய பழுப்பு ரொட்டி வந்தது. அம்மாவைப் போலவே இவளுக்கும் கேட்காமல் தட்டை நிரப்புகிற கை.

"உண்மையைச் சொல்லட்டுமா? நீங்க மட்டும் அன்னைக்கு வரலைன்னா, இந்த வாசல்ல உங்களை ஏத்தியிருக்கவே மாட்டேன்" என்றாள் நெஸ்ஸா. "அப்படி வைராக்கியமா இருந்தேன். ஆனா நீங்க என் காதுல சொன்னீங்களே, அதுலதான் நான் உசுரோட இருக்கேன்."

அட்ராக்டா கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னேன்?"

"மறந்துட்டீங்களா? ‘நீ ஒண்ணும் பிந்தி வரல, குட்டி’ன்னு." நெஸ்ஸா மூக்கை உறிஞ்சினாள். "வேலையாப் போயிருந்த கால்வே டவுன்லேருந்து எப்படி காரை ஓட்டிட்டு வந்தேன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கறேன், நர்ஸுங்க அம்மா முகத்தைத் துணியால மூடிட்டிருந்தாங்க. ஒரு வார்த்தை இல்ல சித்தி, ஒரு பார்வை இல்ல. எல்லாரும் ஏதேதோ ஆறுதல் சொன்னாங்க. எனக்கு என்ன வேணும்னு உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. ‘குட்டி’ன்னு அம்மாவைத் தவிர யாரும் கூப்பிட்டதில்ல, அது உங்களுக்கு எப்படித் தெரியும்னுகூட யோசிச்சேன்."

வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தால் போதும். அக்கா கொடுத்துவிட்டுப் போன சீதனம் அது: ஊரில் மானம், இந்த அடுப்பங்கரையில் ஒரு நாற்காலி, சித்தி என்று கூப்பிட ஒரு வாய். வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பெண்ணிடம் அவள் அம்மா விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறாள், அது நெஸ்ஸாவுக்கே தெரியவில்லை. அதை எப்படித் திருடுவது? அட்ராக்டா எத்தனையோ அற்பத்தனம் செய்தவள்தான், இது முடியவில்லை.

"அது நான் இல்ல, நெஸ்ஸா."

"எது?"

"நான் வரல. கோட்டை மாட்டிக்கிட்டு வீட்லயே உக்காந்திருந்தேன். உன் பக்கத்துல இருந்தது உன் அம்மா."

நெஸ்ஸா முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு முகம் இறுகியது. "அம்மா சாவுக்கு நீங்க வரல."

"வரல."

"வராததுமில்லாம இப்படி ஒரு கதையோட வேற வந்திருக்கீங்க. எழுந்திரிங்க. போங்க வெளிய."

"போறேன். திட்டு, அடிச்சாலும் வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு பாரு" என்று அட்ராக்டா எழுந்து, சமையலறை மூலையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் தானே போய் உட்கார்ந்தாள். விரல் வழி தவறவில்லை. கோயில், உருட்டு, அக்காவின் பெயர், தட்டு.

கோயில் நிரம்பி வழிந்தது. நடுவில் பெட்டி. முன்வரிசையில் நெஸ்ஸா, அவள் புருஷன். நெஸ்ஸாவின் வலப்பக்கம் காலியாக இருந்தது.

அட்ராக்டா திரைக்கு அருகே குனிந்தாள். காலையில் தன் கண்ணால் பார்த்தாளே! வாய்விட்டு உண்மையைச் சொன்ன பிறகு, மறைக்க எதுவும் மிச்சமில்லை என்று அக்கா எழுந்து போய்விட்டாளோ? இனி யார் பார்த்தாலும் தெரியும், தங்கை வரவில்லை என்று. தெரியட்டும். ஆனால் இந்தப் பெண் இனி எதை வைத்து நம்புவாள்?

"பாத்தாச்சா? காலியாத்தான..." என்று ஆரம்பித்த நெஸ்ஸா பாதியில் நிறுத்தினாள்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. டோலன் நெஸ்ஸாவின் கையைக் குலுக்கினார். அடுத்த அடி வைத்து, காலியான இடத்துக்கு நேரே கையை நீட்டி, காற்றைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தலையைத் தாழ்த்தினார். பின்னால் வந்த டீஸியும் அப்படியே செய்தாள். தபால்காரி இரண்டு கைகளையும் சேர்த்து ஒன்றுமில்லாததைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊரே வந்து அந்த வெற்றிடத்துக்குத் துக்கம் சொல்லிவிட்டுப் போயிற்று.

பிறகு திரையில் இருந்த நெஸ்ஸா கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள், குழந்தைகள் முகம் துடைக்கக் கொடுப்பது போல. தலையைச் சாய்த்தாள். எதையோ கேட்டாள். தோள் குலுங்கக் குலுங்க, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

சமையலறையில் நின்ற நெஸ்ஸாவின் கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். போங்க என்று அதற்குமேல் சொல்லவில்லை.

"சித்தி" என்றாள். "சத்தத்தைக் கூட்ட முடியுமா?"

மாலக்கி அதை இன்னும் சொல்லித்தரவில்லை. அட்ராக்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையின் மூலை மூலையாக அம்புக்குறியை நகர்த்தித் தேட ஆரம்பித்தாள்.