மூன்றாவது அழைப்பு

அஸ்வானுக்கு வந்து இறங்கிய முதல் நாளே எனக்குத் தேநீர் கிடைக்காமல் போனது. என் தோழி நப்ராவின் மருமகள் கரீமான் தட்டோடு வந்து, "டீ குடிக்கிறீங்களா ஹாஜ்ஜா?" என்று மரியாதையாகக் கேட்டாள். "வேணாம்மா, எதுக்கு உனக்குச் சிரமம்" என்றேன். அந்தப் பெண் "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். கெய்ரோவிலிருந்து பதினான்கு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்தவள் நான். தொண்டை வறண்டு கிடந்தது.

நப்ரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏண்டி சஃபி, இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஒரு தடவைதான் கேக்கும். நீ பாட்டுக்கு வேணாம்னா அது நிஜம்னு நினைச்சுக்கும்."

"வளர்த்த லட்சணம்" என்றேன்.

அவளே எழுந்து போய்க் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள். "குடி."

"வேணாண்டி."

"குடின்னா குடி."

"வேணாங்கறேன்ல."

"அல்லா மேல ஆணை, நீ குடிக்கலேன்னா நான் இன்னிக்கு முழுக்க வாயில ஒண்ணும் வைக்க மாட்டேன்."

வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். எங்கள் தலைமுறை அப்படித்தான். சாப்பாடோ, டீயோ, உட்கார ஒரு நாற்காலியோ, இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை. மூன்றாவது தடவை ஆணை வைத்துக் கேட்டால் மனதாரக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவது தடவை கேட்கவில்லை என்றால், கெட்டிக்காரியாக இருந்தால், எழுந்து செருப்பைத் தேட வேண்டும்.

நானும் நப்ராவும் கெய்ரோ தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவர்கள். அவள் இந்த நூபியக் கிராமத்துக்காரி. ஓய்வு பெற்றதும் மகனோடு இருக்கிறேன் என்று நைல் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஆறு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்வாள். பேச்சு எதில் ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் முடியும். "அங்க தனியா என்னத்தக் கட்டிக்கிட்டு அழறே? வந்து எங்கூட இருந்துடு. என் வீடு உன் வீடு." நான் சிரித்துக்கொண்டே, "பாக்கலாம், அல்லா நாடினா" என்பேன்.

என் கணவர் இஹாப் போய் நாலு வருடம் ஆகிறது. கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் ஐந்தாவது மாடியில் நானும் ஒரு ரேடியோவும்தான். போன மாதம் மொன்றியாலில் இருக்கும் என் மகன் தாமர், வீட்டை விற்றுவிடலாம் என்று ஒரே பிடியாக நின்றான். ஒன்று பனிக்குள் அவனோடு வந்து இருக்க வேண்டும், இல்லையென்றால் முதியோர் இல்லம். எனக்கு வந்ததே கோபம். "எனக்கு ஒண்ணும் போக்கிடம் இல்லாமப் போயிடல. நப்ரா என்னைக் கடைசி வரைக்கும் அவகூட வெச்சுக்கறேன்னு சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் அதை நம்பி, "சரிம்மா, போய் இருந்து பாரு. பத்து நாள்ல சொல்லு. உனக்குப் பிடிச்சிருந்தா வீட்டை முடிச்சிடறேன்" என்றான்.

எனவே நான் விடுமுறைக்கு வந்திருப்பதாக நப்ரா நினைத்தாள். நானோ அவள் மூன்றாவது தடவை கேட்பதற்காக வந்திருந்தேன். இதை நானாக எப்படிச் சொல்வேன்? உயிர் போனாலும் வாய் வராது. என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "பத்து நாளுக்கு இவ்வளவா? கல்லு வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். "குளிர்காலமாச்சே" என்றேன். இஹாபின் படமும், என் கோடைக்காலத் துணிகளும் அடியில் இருந்தன.

நாட்கள் என்னவோ சுகமாகத்தான் போயின. காலையில் வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும் வெண்ணெயும் தேனும். பிறகு இரண்டு பேரும் ஆற்றங்கரைக்கு இறங்கி, கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய படகின் மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொள்வோம். அவள் பருப்புத் தட்டை மடியில் வைத்துக் கல் பொறுக்குவாள். நான் ஆற்றைப் பார்ப்பேன். பழைய மேலதிகாரியின் குரலில் பேசிக் காட்டி அவள் என்னைச் சிரிக்க வைப்பாள். இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் பேச்சு இணைத்தவர்களுக்குப் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் இனிப்பாகத்தான் இருந்தது. அப்போதெல்லாம் ஷுப்ரா வீட்டின் மாடிப்படி ஞாபகம் வரும். இங்கேயே கிடந்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

ஒரு மதியம் மணல் ஏற்றிய படகு ஒன்று நடு ஆற்றில் போனது. அதில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன் கையைத் தூக்கி, "வாங்க ஹாஜ்ஜா, சாப்பிடலாம்" என்று கத்தினான்.

"நல்லாச் சாப்பிடுங்கப்பா" என்று நப்ராவும் கத்தினாள். படகு போய்க்கொண்டே இருந்தது.

இதற்குப் படகுக்காரன் அழைப்பு என்று எங்கள் நாட்டில் பெயர். நடுவில் அவ்வளவு தண்ணீர் இருக்கும்போது யார் போய்ச் சாப்பிடப் போகிறார்கள்? கூப்பிடுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும்.

"எங்க சித்தப்பா மருமகன் ஒருத்தன் இருந்தான், வடக்கத்தியான்" என்றாள் நப்ரா. "கல்யாணமான புதுசு. இப்படித்தான் கூப்பிட்டாங்க. அந்த மடையன் அங்கியோட தண்ணியில குதிச்சு நீந்திப் போயிட்டான். அவங்ககிட்ட இருந்ததே மூணு ரொட்டி. பாவம், சாப்பாடு போட்டுக் கரையில கொண்டுவந்து விட்டுட்டு, ஒரு வருஷம் எங்க ஊர்ப்பக்கமே திரும்பிப் பாக்கல."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கும்போதே அந்த மருமகன் மேல் ஏனோ பரிதாபம் வந்தது.

ஒன்பதாம் நாள் மாலை. வழக்கம்போலப் படகின் மேல் உட்கார்ந்திருந்தோம். கரீமான் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே மேலிருந்து இறங்கி வந்தாள்.

"ஹாஜ்ஜா, உங்க ரயில் நாளைக்கு எத்தனை மணிக்கு? சனிக்கிழமை உங்க ரூமுக்கு பிரான்ஸ்காரங்க வராங்க. தெரிஞ்சா விரிப்பெல்லாம் துவைச்சுப் போட வசதியா இருக்கும்."

கெட்ட எண்ணமில்லாத பெண். கேட்க வேண்டியதைக் கேட்டாள். இந்தக் கிராமத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான், குளிர்காலம் முழுக்க அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டுத்தான் பிழைப்பு. பத்து நாள் எனக்காக ஓர் அறையைக் காலியாக வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"மூணு மணிக்கும்மா" என்றேன்.

நப்ரா பருப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கரீமான் மேலே ஏறிப்போன பிறகு நப்ரா, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் போயேன்" என்றாள்.

என் வாய் தன் பாட்டுக்கு, "எங்கடி, அங்க வேலை கிடக்கு" என்றது.

"என்ன பெரிய வேலை? ரேடியோவுக்குத் துணை இருக்கணுமா?"

"இல்லடி. போகணும்."

இரண்டு தடவை ஆகிவிட்டது. நான் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடக்கிக்கொண்டேன். ஆணை வைத்துக் கேள், நப்ரா. ஒரே ஒரு தடவை. எதிர்க்கரையில் வெளிச்சம் மணலின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. அவள் ஒரு கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றைப் பொறுக்கிப் போட்டாள்.

"சரி, உன் இஷ்டம்" என்றாள்.

அந்த இரவுச் சாப்பாடு எனக்கு உள்ளே இறங்கவில்லை. கரீமான் ஒரு தடவைதான் கேட்டாள் என்று அவளைக் குறை சொன்ன வாய் இது. நான் ஒரு தடவைகூட ஆமாம் என்று சொன்னதில்லையே.

மறுநாள் மதியம் படகுத்துறையில் படகோட்டி அவத் தன் இயந்திரப் படகோடு காத்திருந்தான். அக்கரைக்குப் போனால்தான் ரயில் நிலையம். அவன் என் பெட்டியைத் தூக்கிவிட்டு, "உள்ள முதலையா ஹாஜ்ஜா?" என்றான். நப்ரா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். ரொட்டியும் பேரீச்சம்பழமும் கட்டிய பையைக் கையில் திணித்தாள். இரண்டு பேரும் அழவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். படகு கரையை விட்டு நகர்ந்தது.

பத்தடி, இருபதடி. நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. அப்போதுதான் அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"போகாதடி சஃபி. அல்லா மேல ஆணை, போகாத. எங்கூடவே இருந்துடு."

ஆணை. படகுக்காரன் அழைப்பு என்று புத்தி சொன்னது. ஆனால் அதில் படகில் இருப்பவன்தானே கரையைப் பார்த்துக் கூப்பிடுவான்? இங்கே கரை அல்லவா படகைக் கூப்பிடுகிறது? அறுபத்து மூன்று வயதில் இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். அவள் குரலும் உடைந்திருந்தது, அது பொய்யில்லை, அதை இன்றும் சத்தியம் செய்வேன்.

"திருப்புப்பா" என்றேன்.

"என்னது?"

"படகைத் திருப்பு."

அவத் என்னைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், படகைத் திருப்பினான். நான் எழுந்து நின்றுவிட்டேன். பெட்டியின் பிடியைக் கையில் பற்றிக்கொண்டேன். என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். சமையலறை ஓரத்தில் ஒரு பாய் போதுமடி, அறை எதற்கு என்று சொல்ல வேண்டும். மகனுக்கு இன்றே போன் செய்ய வேண்டும்.

படகின் மூக்கு மணலில் இடித்தது. நப்ரா நாலு எட்டில் தண்ணீருக்குள் இறங்கி வந்து படகின் விளிம்பைப் பிடித்தாள். அவள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"என்னடி மறந்துட்டே?" என்றாள்.

நான் பெட்டியின் பிடியை விட்டேன்.

"கண்ணாடி" என்றேன்.

கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. அந்தப் பெட்டி ஏன் அவ்வளவு கனம் என்பது உட்பட.

"இரு, பாத்துட்டு வரேன்" என்றாள்.

ஈரப் பாவாடையோடு மேடேறி வீட்டுக்குள் போனாள். அவத் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தான். சிகரெட் முழுதும் எரிந்து முடிந்தது. அவள் உள்ளே என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. என் அறையின் வாசலில் கரீமான் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

நப்ரா முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எங்க தேடியும் கிடைக்கலடி. கிடைச்சா அனுப்பி வைக்கிறேன்."

"அவசரமில்ல. பழசுதானே."

"வெள்ளிக்கிழமை போன் பண்றேன்."

"பண்ணு."

அவளே தன் கையால் படகைத் தள்ளிவிட்டாள். ஆறு எப்போதும்போல இழுத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் இன்னும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், என் முகத்தில் கண்ணாடி இருப்பது அங்கிருந்தும் தெரியும். கழற்றிப் பைக்குள், ரொட்டிக்குக் கீழே வைத்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். கரை இருந்தது, கிராமத்து வீடுகளின் நீலச் சுவர்கள் இருந்தன. அவள் கையை அசைக்கிறாளா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.